தவளைக்கும் ஓர் ஊர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வானொலி நிலையங்களின் வேடிக்கையான பட்டப்பெயர்களைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. தவளை, ஓநாய், கரடி, ஜாக், பாப் என்று பெயர்களை அடுக்கி, பக்கத்திலேயே காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு தவளையின் படமும் போட்டிருந்தீர்கள். இப்படியெல்லாம் பெயர் வைப்பவர்களுக்கு விவரம் போதாது என்கிற தொனியில் கட்டுரை முடிந்திருந்தது. படித்துவிட்டு இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் 34 ஆண்டுகள் அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவள். இரவு நேரங்களில் தொலைதூர வானொலி நிலையங்களைத் தேடிப் பிடித்துக் கேட்பது, சிறு பெண்ணாக இருந்த காலத்திலிருந்தே எனக்கு உள்ள பழக்கம். இப்படிக் கேட்பவர்களை டிஎக்ஸர் என்பார்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில் என்ன கேட்டேன் என்று நீளமான கணக்கு நோட்டுகளில் எழுதி வைக்கிறேன். இப்போது பதினோராவது நோட்டு ஓடுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிக் கட்டத்துக்கு ‘எப்படி உறுதி செய்தேன்’ என்று தலைப்பு. அந்தக் கட்டம் நிரம்பாவிட்டால் நிலையத்தின் பெயரை மையில் எழுத மாட்டேன், பென்சிலில்தான் எழுதுவேன். அதனால் வானொலி நிலையத்தின் பெயர் எனக்கு விளையாட்டு விஷயம் இல்லை. பெயருக்காக ஒரு மணி நேரம், சில சமயம் இரண்டு மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவின் பழைய வால்வு ரேடியோவில் முள் ஓடும் கண்ணாடியில் ஊர்ப் பெயர்கள் அச்சிட்டிருக்கும். டெல்லி, கொழும்பு, லண்டன். ஆங்கில எழுத்துகளை நான் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தது பள்ளிக்கூடப் பாடத்தில் அல்ல, அந்தக் கண்ணாடியில்தான். முள்ளை ஒரு விரல் நகர்த்தினால் அடுத்த ஊருக்குப் போய்விடலாம் என்று அப்போது உண்மையாகவே நம்பினேன். அன்றைக்கு நிலையத்தின் பெயர் என்றால் ஊரின் பெயர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வருத்தம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஆனால் பட்டப்பெயர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வானொலி பிறந்த காலத்திலிருந்தே அவை கூட வருகின்றன. அமெரிக்காவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் அரசு ஓர் அழைப்புக்குறி தருகிறது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்தால் பெரும்பாலும் டபிள்யூ என்ற எழுத்தில் தொடங்கும், மேற்கே இருந்தால் கே. மீதி எழுத்துகளில்தான் ஆட்கள் தங்கள் ஆசையைக் காட்டினார்கள். சிகாகோவில் சியர்ஸ் என்ற பெரிய வணிக நிறுவனம் 1924இல் தொடங்கிய நிலையம் டபிள்யூ.எல்.எஸ். ‘உலகிலேயே பெரிய கடை’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் அவை. அதே ஊரில் சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் நடத்திய நிலையம் டபிள்யூ.ஜி.என். ‘உலகின் தலைசிறந்த செய்தித்தாள்’ என்று பொருள். நாஷ்வில்லில் ஒரு காப்பீட்டு நிறுவனம் 1925இல் தொடங்கிய நிலையத்துக்கு டபிள்யூ.எஸ்.எம். என்று வைத்தார்கள், ‘பல லட்சம் பேரைக் காக்கிறோம்’ என்ற அர்த்தத்தில். கடைக்காரரும் பத்திரிகைக்காரரும் காப்பீட்டுக்காரரும் மூன்று எழுத்துக்குள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டது நூறு ஆண்டுகளுக்கு முன்பு. தவளையும் ஓநாயும் அந்த வரிசையில் பின்னால் வந்தவை, அவ்வளவுதான்.

நம் பக்கத்திலும் பாருங்கள். இன்று அரசாங்கப் பெயராக இருக்கும் ஆகாசவாணி முதலில் எந்த அரசும் வைத்த பெயர் அல்ல. மைசூரில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசுவாமி 1935இல் தன் வீட்டிலிருந்து நடத்திய சிறிய நிலையத்தின் பெயர் அது. அதற்கு அடுத்த ஆண்டுதான் ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே வந்தது. ஆகாசவாணியைத் தேசிய ஒலிபரப்பு ஏற்றுக்கொண்டது 1950களில். ஒரு தனிமனிதர் ஆசையாக வைத்த பெயர் நாடு முழுவதற்கும் ஆனது. தமிழில் நாம் வானொலி என்றோம். எத்தனை அருமையான சொல்! அந்தச் சொல்லே பெட்டிக்கும் பெயர், நிலையத்துக்கும் பெயர், காற்றில் வரும் குரலுக்கும் பெயர். பிபிசியின் தமிழ் ஒலிபரப்புக்குத் தமிழோசை என்று பெயர் இருந்தது. 2017 ஏப்ரல் 30ஆம் தேதி அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்ற இரவில் கடைசி நிமிடம் வரை கேட்டு, நோட்டில் மையிலேயே எழுதினேன். அந்தப் பெயரைக் கேட்டு எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை, உலகத்தில் தமிழோசை ஒன்றுதான்.

மக்கள் வைக்கும் பெயருக்கு இருக்கும் ஆயுளையும் சொல்ல வேண்டும். ரேடியோ சிலோன் 1967இல் ஒரு கூட்டுத்தாபனம் ஆயிற்று. 1972இல் நாட்டின் பெயரே மாறி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. அறிவிப்பாளர்கள் அந்த நீளமான பெயரை அழகாக, மூச்சு விடாமல் சொல்வார்கள். ஆனால் கேட்டவர்கள் யாரும் மாறவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளும் ‘சிலோன் வை’ என்றுதான் எங்கள் வீட்டிலும் சொன்னோம், பக்கத்து வீட்டிலும் சொன்னார்கள். வாய்க்கு வந்த பெயர்தான் நிற்கும்.

அதனால் நம் பண்பலை நிலையங்கள் சூரியன், ஹலோ, ஆஹா என்று பெயர் வைத்துக்கொண்டபோது எனக்கு அது பிடித்திருந்தது. ஹலோ என்பது போனை எடுத்ததும் சொல்வது. ஆஹா என்பது பெயர்ச்சொல்லே இல்லை, வியந்தால் வருகிற ஒலி. ஆனாலும் காதில் விழுந்தால் மறக்காது. மிர்ச்சி என்றால் இந்தியில் மிளகாய். தமிழில் அந்தப் பெயரைச் சொல்கிற பலருக்கு மிளகாய் ஞாபகமே வருவதில்லை, அது அந்த நிலையத்தின் பெயராகவே பதிந்துவிட்டது. மலேசியாவில் மின்னல், சிங்கப்பூரில் ஒலி, இலங்கையில் தென்றல், சக்தி, வெற்றி. பாம்பனில் மீனவர்களுக்காக 2016இல் தொடங்கிய சமுதாய வானொலிக்குக் கடல் ஓசை என்று பெயர். இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கேட்டதில்லை. அதைச் சொன்னதுமே அது யாருக்கான வானொலி, எந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது.

பெயர் ஏன் இப்படிச் சின்னதாக, வேடிக்கையாக இருக்கிறது என்பதற்குக் கட்டுரையாளர் காரணம் சொல்லவில்லை. இரண்டு காரணங்கள் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் எந்த நிலையத்துக்கு எத்தனை நேயர்கள் என்று கணக்கெடுத்த ஆர்பிட்ரான் என்ற நிறுவனம், வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கான சிறு டைரியை அனுப்பும். என்ன கேட்டீர்கள் என்று நேயரே கையால் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். நான்கு எழுத்து அழைப்புக்குறியை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? ‘தவளை’ என்றால் எழுதிவிடுவார்கள். டைரியில் பெயர் வரவில்லை என்றால் கேட்டதும் கேட்காத கணக்கு, விளம்பர வருமானமும் குறையும். இன்னொரு காரணம் காரில் இருக்கும் ரேடியோ. பண்பலை ஒலியோடு சேர்த்து நிலையத்தின் பெயரையும் அனுப்பும் ஆர்டிஎஸ் என்ற முறையில், பெயருக்கு ஒதுக்கிய இடம் எட்டே எட்டு எழுத்து. எட்டுக்குள் அடங்குகிற பெயருக்குத்தான் அங்கே மதிப்பு.

இதை நான் கண்ணால் பார்த்த இடம் பென்சில்வேனியா. மகள் அங்கே இருக்கிறாள், பேரனுக்கு அப்போது ஏழு வயது. ஒரு நாள் நீண்ட கார் பயணம். மலைகளுக்கு நடுவே சாலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பேரன் பின் இருக்கையில் இருந்து ‘பாட்டி, தவளை வருது, தவளை வருது!’ என்று கத்தினான். ரேடியோவில் நிஜமாகவே ஒரு தவளை கத்தியது. அதற்குப் பிறகு ஒரு நாட்டுப்புற இசைப் பாட்டு. பிறகு அறிவிப்பாளர் ஒருவர் தன் பெயரைச் சொன்னார், பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். ஃப்ராகி என்ற பட்டப்பெயர் கொண்ட இந்த நிலையங்களில் அறிவிப்பாளர்களும் தவளையை வைத்தே பெயர் சூட்டிக்கொள்வார்களாம், தாவுகிறவர், குளத்துக்காரர் என்பதுபோல. பெரிய மனிதர்கள் தினமும் காலையில் வேலைக்கு வந்து, ஒரு தவளையின் பெயரைச் சொல்லி, ஊர் மக்களுக்குப் பனி எவ்வளவு விழுந்திருக்கிறது, எந்தப் பள்ளிக்கு இன்று விடுமுறை என்று சொல்கிறார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு அவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் நானும் அறிவிப்பாளர்களை அப்படித்தான் வீட்டு ஆட்களாக நினைத்தேன்.

மணி மூன்று ஆனது. பாட்டு முடிந்த இடைவெளியில், வேறொரு குரல் வேகமாக, கொஞ்சம் தணிந்து சொன்னது: டபிள்யூ எஃப் ஜி ஒய், ஆல்டூனா. இரண்டு நொடிகூட இருக்காது. எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. கைப்பையில் இருந்த நோட்டை எடுத்து அங்கேயே எழுதினேன், கடைசிக் கட்டத்தையும் சேர்த்து. எஃப், ஜி, ஒய் என்ற எழுத்துகள் ஃப்ராகி என்ற பெயரிலிருந்தே எடுத்தவை என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஃப்ராகி 98 என்று அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பார்த்தேன். ஆறு எழுத்து, இரண்டு எண், சரியாக எட்டு.

அந்த இரண்டு நொடி அறிவிப்பு தற்செயல் அல்ல. அமெரிக்க விதிப்படி ஒவ்வொரு நிலையமும் மணிக்கு ஒருமுறை, மணி மாறுகிற நேரத்தை ஒட்டி, தன் அழைப்புக்குறியையும் தனக்கு உரிமம் கிடைத்த ஊரின் பெயரையும் சொல்லியே ஆக வேண்டும். பட்டப்பெயர் அதற்கு ஈடாகாது. நாள் முழுக்கத் தவளை, கரடி, ஓநாய் என்று எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் மணிக்கு ஒருமுறை ஊரைச் சொல். சரி, இவ்வளவு போதுமே! விளையாட்டும் இருக்கிறது, விலாசமும் இருக்கிறது.

எனக்கு மனசு ஒப்பாத பட்டப்பெயர்களும் உண்டு. அவை விலங்குப் பெயர்கள் அல்ல, மனிதப் பெயர்கள். 2002இல் கனடாவின் வின்னிபெக் நகரில் பாப் என்ற பெயரில் ஒரு பண்பலை நிலையம் வந்தது. அதே ஆண்டின் கடைசியில் வான்கூவரில் ஜாக். பிறகு அமெரிக்கா முழுவதும் ஜாக், பென், டேவ், ஜோ என்று பரவின. எங்களுக்குப் பிடித்ததைப் போடுவோம் என்பது ஜாக்கின் கொள்கை. அந்த நிலையங்கள் பலவற்றில் அறிவிப்பாளரே கிடையாது. முன்கூட்டியே பதிவு செய்த ஒரு குரல் இடையிடையே நாலு வார்த்தை சொல்லும், மீதி எல்லாம் பாட்டு. ஆள் இல்லாத இடத்துக்கு ஆளின் பெயரை வைத்திருக்கிறார்கள். தவளை நிலையத்தில் தவளைப் பெயருக்குப் பின்னால் உயிருள்ள ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஜாக் என்ற பெயருக்குப் பின்னால் நாற்காலி காலி. கட்டுரையாளர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சிரித்ததுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

நியூயார்க்கில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அங்கே 101.1 அலைவரிசையில் டபிள்யூ.சி.பி.எஸ். என்ற பண்பலை நிலையம் பல ஆண்டுகளாகப் பழைய பாடல்களை ஒலிபரப்பி வந்தது. அதில் இருந்த புரூஸ் மோரோ என்ற மூத்த அறிவிப்பாளரை ஊரே ‘கசின் புரூசி’ என்றுதான் அழைக்கும். மாமா மகன், சித்தப்பா மகன் என்று உறவு சொல்லிக் கூப்பிடுவது மாதிரி. 2005 ஜூன் 3ஆம் தேதி அந்த நிலையம் ஒரே நாளில் ஜாக் ஆக மாறியது. உறவுக்காரரை அனுப்பிவிட்டு, இல்லாத ஒரு ஜாக்கை உட்கார வைத்தார்கள். நேயர்கள் பொறுக்கவில்லை. எதிர்ப்பு அடங்கவே இல்லை. 2007 ஜூலை 12ஆம் தேதி பழைய பெயரும் பழைய பாட்டும் திரும்பி வந்தன. இரண்டு பட்டப்பெயர்களில் எது உள்ளிருந்து வந்தது, எது வெளியிலிருந்து ஒட்டியது என்று கேட்கிற காதுகளுக்குத் தெரிந்திருக்கிறது.

பிரிட்டனில் வேறு மாதிரி நடந்தது. அங்கே 1970களில் உள்ளூர் வணிக வானொலிகள் தொடங்கியபோது பல நிலையங்கள் தங்கள் ஊர் ஆற்றின் பெயரை வைத்துக்கொண்டன. நாட்டிங்காமில் டிரென்ட், இப்ஸ்விச்சில் ஆர்வெல், கிளாஸ்கோவில் கிளைடு. குளோஸ்டரில் 1980இல் வந்தது செவர்ன் சவுண்டு. ஆற்றின் பெயரை வைத்த நிலையத்தை வேறு எங்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது, ஆறு அங்கேதானே ஓடுகிறது! 2009இல் செவர்ன் சவுண்டு ‘ஹார்ட்’ ஆனது, 2011இல் டிரென்ட் ‘கேபிடல்’ ஆனது. நாட்டின் பல ஊர்களில் ஒரே நேரத்தில் ஒலிக்கும் பெயர்கள் அவை. ‘ஹார்ட்’ என்றால் இதயம், நல்ல சொல்தான். ஆனால் இதயம் எல்லா ஊரிலும் இருக்கிறது, செவர்ன் ஆறு குளோஸ்டர் வழியாகத்தான் போகிறது.

இனி என் சொந்த வருத்தத்துக்கு வருகிறேன். 2011 மார்ச்சில் கடலோரத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். கையடக்க ரேடியோ எப்போதும் போல என்னோடு. பண்பலை பொதுவாக அதிக தூரம் போகாது. ஆனால் கடலுக்கு மேலே காற்று அசையாமல், கீழே குளிர்ந்தும் மேலே வெதுவெதுப்பாகவும் அடுக்கடுக்காக நிற்கும் இரவுகளில், அலைகள் அந்த அடுக்குக்குள் மாட்டிக்கொண்டு பல நூறு கிலோமீட்டர் போகும். அன்று அப்படி ஓர் இரவு. எட்டேகால் மணிக்கு, அதுவரை வெறும் இரைச்சலாக இருந்த ஓர் இடத்தில் தெளிவான தமிழ்க் குரல் கேட்டது.

ஒரு பெண் அறிவிப்பாளர் நேயர்களின் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெறப்போகும் தன் ஆசிரியைக்காக ஒரு மாணவி எழுதிய கடிதம். ஆசிரியை கணக்குப் பாடத்தை எப்படிச் சொல்லிக் கொடுத்தார், மழையில் நனைந்து வந்த ஒருநாள் தன் சேலைத் தலைப்பால் அந்த மாணவியின் தலையை எப்படித் துவட்டிவிட்டார் என்றெல்லாம் இருந்தது. அறிவிப்பாளர் அதைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். குரல் தழுதழுத்ததை என்னால் கேட்க முடிந்தது. இந்த நிலையத்துக்கு இன்று இரவே கடிதம் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். நாங்கள் கேட்ட விவரத்தை எழுதி அனுப்பினால் நிலையம் சரிபார்த்து ஓர் அட்டை அனுப்பும், கியூ.எஸ்.எல். அட்டை என்று பெயர். அதற்காக மட்டும் இல்லை, அந்த அறிவிப்பாளருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தது.

ஒன்பது மணிக்கு ஊர்ப் பெயர் வரும் என்று காத்திருந்தேன். வந்தது நிலையத்தின் பட்டப்பெயர், பாட்டாக, நான்கு முறை. அவ்வளவுதான். அந்தப் பெயரை இங்கே எழுத நான் விரும்பவில்லை. அதே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நிலையங்கள் இருக்கின்றன, யாரையோ குறை சொன்னதாக ஆகிவிடும். ஒன்பது மணி இரண்டு நிமிடத்துக்குக் குரல் தேய்ந்து இரைச்சலில் கலந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே நேரம் அதே இடத்தில் காத்திருந்தேன், காற்று மாறிவிட்டது. 47 நிமிடம் கேட்டிருக்கிறேன். அந்த வரி எட்டாவது நோட்டில் இன்னமும் பென்சிலில்தான் இருக்கிறது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.

சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேன் என்று தோன்றலாம். ஆனால் ஊர்ப் பெயர் இல்லாமல் போவது எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் நஷ்டம் இல்லை. மிர்ச்சி சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் 98.3தான். சூரியன் அந்த ஊர்களிலெல்லாம் 93.5. பயணம் போகிறவர்களுக்கு இது வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயரும் ஒன்று, எண்ணும் ஒன்று என்றால் எந்த ஊர் என்று தெரிய அறிவிப்பாளர் வாயால் சொன்னால்தான் உண்டு. சூரியன் என்ற பெயரிலேயே இலங்கையிலும் ஒரு தமிழ்ப் பண்பலை இருக்கிறது, வேறு நிறுவனம், நம் பக்கத்து நிலையத்துக்கு முன்பே தொடங்கியது. நடுவில் இருப்பது கொஞ்சம் கடல். ஒரே பெயரை இரு கரையிலும் வைத்துக்கொள்ளலாம், அது யார் தப்பும் இல்லை. எந்தக் கரை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

செய்தி ஒலிபரப்பினால் அதிலிருந்தாவது ஊரைக் கண்டுபிடிக்கலாம். இந்தியாவில் தனியார் பண்பலை நிலையங்கள் தாங்களே செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி கிடையாது, ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை அப்படியே எடுத்துப் போடலாம். அதனால் உள்ளூர்ச் செய்தி என்ற அடையாளமும் அங்கே இல்லை. மீதி இருப்பது பட்டப்பெயர் ஒன்றுதான். அதற்குப் பக்கத்தில் ஊர்ப் பெயரையும் நிறுத்துங்கள் என்று கேட்கிறேன். ‘சூரியன், திருநெல்வேலி’ என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது! சமுதாய வானொலிகளில் பல இதைச் செய்கின்றன. கொடைக்கானல் பண்பலை மலை உச்சியிலிருந்து பல மாவட்டங்களுக்குக் கேட்கிறது. எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை, பெயரிலேயே மலை இருக்கிறது.

அந்தக் காலத்து நிலையங்கள் பெயர் சொல்வதற்கு எவ்வளவு சிரத்தை எடுத்தார்கள் என்பதை இளைய வாசகர்கள் அறிய வேண்டும். நிகழ்ச்சி தொடங்கும் முன்பே, முள்ளைத் திருப்புகிறவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்று, ஓர் ஒலியைத் திரும்பத் திரும்ப விடுவார்கள். பிபிசிக்கு லண்டன் தேவாலய மணியோசை. ரேடியோ ஆஸ்திரேலியாவுக்கு அந்த நாட்டுக் கூக்கபரா பறவையின் சிரிப்பு. நம் ஆகாசவாணியின் அதிகாலை இசை, வால்டர் காஃப்மன் என்ற செக் நாட்டு இசையறிஞர் அமைத்தது. பறவைச் சிரிப்பு கேட்டதும் எந்த நாடு என்று தெரிந்துவிடும், மொழியே தேவையில்லை. பட்டப்பெயர் வைப்பவர்கள் அந்தப் பறவையைப் போல ஒன்றைத் தேடினால் எனக்கு இரட்டை மகிழ்ச்சி.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வானொலி நிகழ்ச்சி விவரங்கள் அச்சிடும்போது பட்டப்பெயரோடு ஊரையும் அலைவரிசையையும் போடுங்கள். ஞாயிறு கட்டுரையில் 14 பட்டப்பெயர்கள் இருந்தன, எண்ணினேன். ஒன்றுக்குக்கூட ஊர் போடவில்லை. தவளைக்கு ஆல்டூனா என்று ஓர் ஊர் எனக்குத் தெரியும், ஜாக்கும் பாபும் எங்கே தொடங்கினார்கள் என்றும் தெரியும். பெரும்பாலானவற்றை நானே தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். மூன்றாவது பத்தியில் ‘வேட்டை நாய்’ என்று ஒரு நிலையத்தைச் சொல்லியிருந்தார், அந்தப் பெயரில் பல ஊர்களில் இருக்கின்றன. கட்டுரையாளர் கேட்டது எந்த ஊரில், எந்த அலைவரிசையில் என்று தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன். நோட்டில் அதற்கு ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி